பாத்ரூமில் வழுக்கி விழுந்தவர்கள்

போன மாசம் எங்க குடியிருப்போர் சங்கத் தலைவர் வீட்டுக்கே வந்துட்டார். ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்காம், நான் பத்து நிமிஷம் பேசணுமாம். தலைப்பையும் அவரே டைப் அடிச்சுக் கொண்டு வந்திருந்தார்: ‘போதைக் கும்பல்களின் வன்முறையை அரசு எப்படி எதிர்கொள்ள வேண்டும்?’ பக்கத்துல ஒரு கத்தி படம் வேற. நீங்கதான் சார் ஆஸ்பத்திரியில இருந்தவரு, எல்லாத்தையும் கண்ணால பார்த்தவரு, உங்களை விட்டா யாரு பேசுவாங்கன்னார். மாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டேன். ஒரு காபி கூட குடுக்கலைன்னு அவருக்கு வருத்தமாம். இருக்கட்டும்.

அன்னிக்குப் பேசாததை இங்க எழுதறேன். நான் இருபத்தெட்டு வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியில மாவுக்கட்டு போட்டவன். போன வருஷம்தான் ரிட்டயர் ஆனேன். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேவைப் பார்த்து உடைஞ்ச எலும்பை நேராக்கி விடுவார். அது அப்படியே நிக்கிற மாதிரி பஞ்சு சுத்தி, மாவுத்துணியைத் தண்ணியில நனைச்சுக் கட்டுறது என் வேலை. எங்க பக்கத்துல பாதிப் பேருக்கு என் பேர் தெரியாது, ‘கட்டு சார்’னாதான் தெரியும். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல மாட்டேன். தாம்பரத்தைச் சுத்தி ஏரிக்கா பஞ்சம், அதுல எந்த ஏரிக்கரையில இது நடந்துச்சுன்னும் சொல்ல மாட்டேன். ஒருத்தர் பேரும் இதுல வராது. பேர் சொல்ற பழக்கத்தை நான் விட்டுட்டேன். அது ஏன்னு சொல்றதுக்குத்தான் இவ்வளவும்.

கட்டு ரூம்ல ஒரு நீள நோட்டு உண்டு. பேர், வயசு, எந்த எலும்பு, எப்படி அடிபட்டதுன்னு நாலு கட்டம். அந்த நாலாவது கட்டத்துல ஒரு காலத்துல விதவிதமா எழுதியிருக்கேன். மாமரத்துலேர்ந்து விழுந்தது, மாடு முட்டினது, ரயில் படியில கால் தவறினது, கேம்ப் ரோட்டுப் பள்ளத்துல வண்டியை விட்டது. திருநீர்மலை படியில இறங்கும்போது செல்ஃபி எடுத்து உருண்டவர் கூட உண்டு. அப்புறம் வேற ஒரு கூட்டம் வர ஆரம்பிச்சுது. ரெண்டு பக்கமும் போலீஸ்காரங்க பிடிச்சுக் கூட்டிட்டு வருவாங்க. எல்லாருக்கும் வலது கை. சில பேருக்கு வலது கையும் இடது காலும். எப்படிப்பா ஆச்சுன்னு கேட்டா அவன் போலீஸ்காரர் முகத்தைப் பார்ப்பான். போலீஸ்காரர் சுவரைப் பார்ப்பார். பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் சார்ம்பான். நானும் அப்படியே எழுதுவேன்.

எல்லாரும் ஒரே பாத்ரூம்ல, ஒரே மாதிரி, ஒரே பக்கமா வழுக்கி விழறாங்க. இதை எழுத எனக்குச் சம்பளம்.

எக்ஸ்ரே பார்க்கத் தெரிஞ்சவனுக்கு இதுல ஒரு வயித்தெரிச்சல் உண்டு. வழுக்கி விழறவன் கையை ஊணுவான். ஊணினா மணிக்கட்டுக்கிட்ட உடையும். தண்ணி எடுக்கப் போய் விழுந்த பாட்டிமார் அத்தனை பேருக்கும் அங்கதான் உடைஞ்சிருக்கும். அடி விழும்போது மனுஷன் கையைத் தூக்கி மண்டையை மறைப்பான். அப்ப உடையறது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல, சுண்டுவிரல் பக்கத்து எலும்பு. நேர்க்கோடா விரிசல் விட்டிருக்கும். டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், எக்ஸ்ரே எடுக்கிற பொண்ணுக்குத் தெரியும். யாரும் வாயைத் திறக்க மாட்டோம். அரசாங்கச் சம்பளம் வாங்கறவங்க எல்லாரும் கண்ணுக்கு முன்னாடி இருக்கிறதைப் பார்க்காம இருக்கப் பழகினவங்கதான். நான் அதுல சீனியர்.

ஒரு தடவை கூட வந்த போலீஸ்காரர் என்கிட்ட ரொம்ப மரியாதையா கேட்டார், சார், முழங்கைக்கு மேல வரைக்கும் போடுங்க, போட்டோவுல எடுப்பா தெரியணும்னு. உடைஞ்சது மணிக்கட்டுக்கு நாலு விரல் மேல. அதுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் போட்டேன். அவர் முகம் சுருங்கிப் போச்சு. கல்யாண ஆல்பத்துக்கு வந்த போட்டோகிராபர் கூட அவ்வளவு கவலைப்பட மாட்டார்.

அந்த போட்டோ சாயங்காலத்துக்குள்ள எங்க சங்கத்து வாட்ஸப் குரூப்புக்கு வந்துடும். சுவத்தோரமா நாலு பேர், நாலு கட்டு, எல்லாம் நான் போட்டது. கீழ கை தட்டுற படம், சபாஷ், சரியான வைத்தியம், இன்னொரு கையையும் உடைக்கணும். பேங்க்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், ஸ்கூல் டீச்சர், தினமும் காலையில சாமி படம் போடறவர், எல்லாரும் வரிசையா. பேத்தி பிறந்தநாளுக்குக் கூட இத்தனை வாழ்த்து வராது. அரசாங்கம் என்ன செய்யுதுன்னு கேட்டா இதைத்தான் செய்யுது. நடுவுல ஒரு பெரிய வழக்கு வந்துச்சுன்னா கொஞ்ச நாளைக்குக் கட்டு ரூம்ல கூட்டம் தாங்காது. ஆளுங்கட்சி எல்லாம் வெளி மாநிலத்துலேர்ந்து வருதுங்கும், எதிர்க்கட்சி நாங்க வந்தா ஒரே வாரத்துல ஒழிப்போம்ங்கும். அவங்க வந்தாலும் மாவு நான்தான் கரைக்கணும்.

என் கட்டு ரூமுக்கு வந்தவன் எல்லாம் யாரு? தெருமுனையில நிக்கிறவன், பொட்டலம் மாத்தி விடறவன், வலி மாத்திரையைச் சட்டைப் பையில வெச்சுப் போதைக்கு விக்கிறவன். அந்த மாத்திரையைப் பெட்டி பெட்டியா இறக்கறவன் ஒருத்தன் இருப்பான் இல்லையா? எந்த ஏரிக்கரை யாருக்குன்னு பிரிச்சுக் குடுக்கறவன்? இருபத்தெட்டு வருஷத்துல அவன் ஒரு நாள் கூட வழுக்கி விழலை. அவன் வீட்டு பாத்ரூம்ல நல்ல டைல்ஸ் போல.

இவனுங்களும் இதுக்கெல்லாம் பயப்பட்டானுங்களா? ஆறு வாரம் கழிச்சுக் கட்டைப் பிரிக்க வருவானுங்க. ஒருத்தன் கட்டு முழுக்கக் கூட்டாளிங்க கையெழுத்துப் போட்டு வெச்சிருந்தான். வெட்டி எடுத்த கட்டைக் குப்பையில போடப் போனேன். அதைக் குடுங்க சார், வீட்ல வெச்சுக்கறேன்னு கேட்டு வாங்கிட்டுப் போனான். போலீஸ் உடைச்ச அந்தக் கையை வெச்சே அவன் பெரிய ஆளாயிட்டான்னு பிற்பாடு தெரிஞ்சுது.

இப்ப எங்க ஏரிக்கு வரேன். ஏரிக்கரை ரோட்டுல மத்தியானம் மூணு மணிக்கு, ஸ்கூல் விடற நேரத்துல, ரெண்டு கும்பல் பட்டாக்கத்தியோட ஓடினாங்க. கரையில யார் மாத்திரை விக்கிறதுங்கறதுதான் சண்டை. நின்னுட்டிருந்த ஆட்டோ கண்ணாடி அஞ்சாறு போச்சு. டீக்கடைக்காரருக்குத் தோள்ல வெட்டு, சும்மா எட்டிப் பார்த்ததுக்கு. அதுக்கப்புறம் செம்பாக்கம், சேலையூர்னு எந்தப் பக்கம் போனாலும் இதே பேச்சு. ஊர்ல பயம் வந்துடுச்சு.

பயம் வந்தா அரசாங்கமும் வரணும் இல்லையா, வந்துச்சு. மூணு ஸ்கூல் பிள்ளைங்களை வெயில்ல நிக்க வெச்சு ஊர்வலம் விட்டாங்க. உறுதிமொழி எடுத்தாங்க. நடுவுல ஓட்டை போட்ட ஒரு அட்டைச் சட்டம் வெச்சு, ‘நான் போதைக்கு எதிரானவன்’னு அதுல தலையை விட்டு போட்டோ எடுத்துக்கச் சொன்னாங்க. அந்தச் சட்டத்துல கரையோரத்துல விக்கிறவனே தலையை விட்டு போட்டோ எடுத்துக்கிட்டான், நான் பார்த்தேன். கடைசியா ஏரிக்கரையில ஒரு போர்டு வெச்சாங்க. ஒரு போன் நம்பர். அதுக்குக் கீழ, ‘தகவல் தருவோர் பெயர் ரகசியமாக வைக்கப்படும்.’

அந்த போர்டுக்கு எதிர்த்தாப்பலதான் மீன்கார அக்கா உட்காருவாங்க. கடலோரத்துக் குப்பத்துக்காரங்க. விடியறதுக்குள்ள கரையில மீன் எடுத்து, பஸ் மாறி மாறி, எட்டு மணிக்கு ஏரிக்கரைக்கு வந்துடுவாங்க. வேப்ப மரத்தடியில கோணியை விரிச்சு, பிளாஸ்டிக் தொட்டியில சங்கரா, கவளை, நெத்திலி. அருவாமனையில கால் வெச்சு உட்கார்ந்தாங்கன்னா ரெண்டு கையாலயும் மீனைப் பிடிச்சு அந்தக் கத்தியில ஒரு இழு இழுப்பாங்க பாருங்க, செதிலும் குடலும் தனியா வந்துடும். புருஷன் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம் ஆச்சு. அந்த ரெண்டு கைதான் அவங்க குடும்பம். ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை நான் அங்கதான் மீன் வாங்குவேன். பேரம் பேசினா, எலும்பு உடைஞ்சு வரவன்கிட்ட நீ பேரம் பேசுவியா சார்னு வாயை அடைச்சுடுவாங்க.

காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத் தெரியாதது இல்லை. பழுதான தெருவிளக்குக் கம்பத்துல கீழ ஒரு டப்பா இருக்கு, ஒருத்தன் அதைத் திறந்து பொட்டலத்தை வைக்கிறான், வேற ஒருத்தன் வந்து எடுக்கிறான். இதை அக்கா பல மாசமா பார்த்துட்டுத்தான் இருந்தாங்க, நமக்கெதுக்குன்னு. அப்புறம் ஒரு நாள் ஒருத்தன் வந்து, போலீஸ் நடமாட்டமா இருக்கு, இதை உன் தொட்டியில ஐஸுக்கு அடியில போட்டு வெச்சுக்கோன்னு நீட்டியிருக்கான். அக்கா முடியாதுன்னுட்டாங்க. அவன் அருவாமனையைக் காலால தள்ளி விட்டுட்டு, நாளைக்கும் கேப்பேன்னு போயிருக்கான்.

அந்த ஞாயித்துக்கிழமை மீனை வெட்டிக்கிட்டே என்கிட்ட கேட்டாங்க, அந்த போர்டுல இருக்கிற நம்பருக்கு போட்டுச் சொன்னா ஏதாவது பேஜாராவுமான்னு. நான் பெரிய மனுஷன் மாதிரி சிரிச்சேன். பேரை வெளியில சொல்ல மாட்டாங்கக்கா, அதுலயே எழுதியிருக்குன்னேன். அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் போர்டைப் படிச்சுக் காட்டினேன், நான்தான் அவங்க போன்ல நம்பரை அடிச்சுக் குடுத்தேன். அந்தப் பக்கம் எடுத்தவர் முதல்ல கேட்டது பேரும் ஊரும். அக்கா என்னைப் பார்த்தாங்க. சொல்லுங்கன்னு தலையாட்டினேன்.

மூணாம் நாள் போலீஸ்காரங்க வந்தாங்க. கம்பத்து டப்பாவைத் திறந்து எடுத்தாங்க, ரெண்டு பேரைப் பிடிச்சாங்க. அந்த ரெண்டு பேரும் வழக்கம் போல வழுக்கி விழுந்து என் ரூமுக்கு வந்தாங்க. மாவு காயற வரைக்கும் கையை அசைக்காம பிடிச்சுக்கணும், பத்து நிமிஷம் ஆகும். அதுல ஒருத்தன் சின்னக் குரல்ல என்கிட்ட கேட்டான், எங்களைப் போட்டுக் குடுத்தது யாரு சார், உனக்குத் தெரியுமா, நீ அந்த ஏரியாதானேன்னு. எனக்குத் தெரியாதுப்பான்னு சொன்னேன். எவ்வளவு பெருமை எனக்கு அன்னிக்கு. வாய்ல கொழுக்கட்டை வெச்ச மாதிரி இருந்துட்டேன்னு நானே என்னை மெச்சிக்கிட்டேன்.

அந்தப் பெருமை ஒரு வாரம் கூட தாங்கலை. சங்கத்துல கமிட்டி கூட்டம். தலைவர் ஒரு பெரிய ஆபீஸ்ல அதிகாரியா இருந்தவர். ரிட்டயர் ஆனப்புறம் அதிகாரம் பண்ண ஆள் கிடைக்காம எங்களைப் பிடிச்சுக்கிட்டார். விழிப்புணர்வு விழா ஒண்ணு வைக்கப் போறோம், இன்ஸ்பெக்டர் வரார், பெரிய அதிகாரி வரார்னு சொல்லிக்கிட்டே வந்தவர், யாரோ ஒரு தைரியசாலி தகவல் குடுத்திருக்கான், ஆம்பளைன்னா அவன் ஆம்பளைன்னார். சுத்தி உட்கார்ந்திருந்த எல்லாரும் ஆமாமான்னாங்க. எனக்கு நாக்கு நமநமன்னுது. இந்தக் கூட்டத்துலயே எனக்கு மட்டும்தான் தெரியும்ங்கிற நினைப்பு. ஆம்பளை இல்லை சார், நம்ம மீன்கார அக்கான்னு சொல்லிட்டேன்.

போலீஸ் அடிச்சு என் வாயைத் திறக்கலை. கத்தியைக் காட்டி யாரும் கேக்கலை. பஜ்ஜியும் டீயும் குடுத்து உட்கார வெச்சிருந்தாங்க, சொல்லிட்டேன்.

தலைவருக்கு ஒரே சந்தோஷம். அப்பவே இன்ஸ்பெக்டருக்கு போன் போட்டார், சார், அந்த லேடிக்கு மேடையில ஒரு பொன்னாடை போட்டுடலாம்னு. அந்தப் பக்கத்துலேர்ந்து வேண்டாம்னு ஒரு வார்த்தை வரலை. ரகசியம்னு போர்டு வெச்ச ஆளுங்கதானே, ஒருத்தருக்குக் கூட உறைக்கலை. நம்ம ஊர்ல யாராவது ஒரு நல்லது பண்ணிட்டா அவங்க கழுத்துல ஒரு துணியைப் போட்டு போட்டோ எடுக்காட்டி நமக்குத் தூக்கம் வராது. செத்தவனுக்கு மாலை, பிழைச்சவனுக்குப் பொன்னாடை. அக்கா வர மாட்டேன்னாங்க. வேபாரம் கெடும் சார், மீன் நாத்தத்தோட மேடையிலயான்னு சாக்கு சொன்னாங்க. கண்ணுல பயம் இருந்துச்சு, அதை வெக்கம்னு நான் நினைச்சுக்கிட்டேன். நானே பேசிச் சம்மதிக்க வெச்சேன்.

விழா அன்னிக்குப் பந்தல், நூறு பிளாஸ்டிக் நாற்காலி, ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர். அக்கா மஞ்சள் புடவை கட்டி, தலையில கனகாம்பரம் வெச்சு, நாற்காலி நுனியில உட்கார்ந்திருந்தாங்க. பெரிய அதிகாரி மைக்கைப் பிடிச்சார். “தன் பெயரை வெளியிட விரும்பாமல், மிகவும் ரகசியமாக நமக்குத் தகவல் அளித்த வீரப் பெண்மணி”ன்னு ஆரம்பிச்சு, அக்கா பேரு, குப்பத்துப் பேரு, எந்த மரத்தடியில மீன் விக்கிறாங்கங்கிறது வரைக்கும் ஸ்பீக்கர்ல சொன்னார். ஏரிக்கு அந்தக் கரை வரைக்கும் கேட்டிருக்கும். ஒருத்தரும் சிரிக்கலை. நானும் கை தட்டினேன். பொன்னாடை போட்டாங்க. அக்கா அதை எப்படிப் பிடிக்கிறதுன்னு தெரியாம ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க.

மறுநாள் ஏரிக்கரையில பேனர். அந்த போர்டுக்குப் பக்கத்துலயே கட்டியிருந்தாங்க. ஒரு பக்கம் பெயர் ரகசியமாக வைக்கப்படும், இன்னொரு பக்கம் அக்கா மூஞ்சி ஆறடி உயரத்துக்கு. கீழ வாழ்த்துறவங்க பத்து பேர் படம், அதுல என் படமும் ஒண்ணு. அதுக்கு நேர் எதிர்ல அக்கா உட்கார்ந்து மீன் வெட்டிக்கிட்டிருந்தாங்க. என்னைப் பார்த்ததும், அதைக் கயட்டச் சொல்லு சார், வரவன் போறவன்லாம் நின்னு அதையும் பாக்கறான் என்னையும் பாக்கறான்னாங்க. அன்னிக்குக் காலையிலேர்ந்தே வண்டியில ரெண்டு பேர் சும்மா வந்து சும்மா நின்னுட்டுப் போறானுங்களாம், மீன் வாங்கலையாம்.

எனக்கு அப்பதான் உறைச்சுது. தலைவர்கிட்ட ஓடினேன். அடுத்த வாரம் வட்டச் செயலாளர் அந்த வழியா வரார், அவர் பார்க்கட்டும், அப்புறம் எடுத்துடலாம்னார். ஸ்டேஷன்ல போய்ச் சொன்னேன். எழுதிக் குடுங்க சார்னாங்க. எழுதிக் குடுத்தேன். அதோட நகல் ஒண்ணு எடுத்து வெச்சுக்கிட்டேன். பேனரைப் பிடிச்சிருந்தது மூணு முடிச்சு போட்ட ஒரு நைலான் கயிறு, அக்காவோட அருவாமனையை ஒரு நிமிஷம் கடன் வாங்கியிருந்தா அறுத்துப் போட்டிருக்கலாம். இருபத்தெட்டு வருஷமா தினம் கத்தரிக்கோல் பிடிச்ச கை இது. நான் மனு எழுதினேன். எந்த அரசாங்கத்தைப் பார்த்துக் காறித் துப்பறேனோ அந்த அரசாங்கம் அப்படியே என் உடம்புக்குள்ள உட்கார்ந்திருக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில, பத்தரை மணி இருக்கும். கட்டு ரூம் வாசல்ல பத்து பேர் வரிசை. ஏழாவதா அக்கா நின்னாங்க. வலது கையை இடது கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, முந்தானையைப் போட்டு மூடியிருந்தாங்க. நான் பார்த்ததைப் பார்த்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. முன்னாடி வாங்கக்கான்னேன். வரலை. வரிசையிலயே நின்னு வந்தாங்க.

சீட்டுல டாக்டர் எழுதியிருந்தார், பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறார்னு. எக்ஸ்ரேவை வெளிச்சத்துல பிடிச்சேன். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல, சுண்டுவிரல் பக்கத்து எலும்பு. நேர்க்கோடு. அதுக்குப் பக்கத்துலயே இன்னொண்ணு. ஒரு அடி இல்லை. மணிக்கட்டு அப்படியே முழுசா இருந்துச்சு. அவங்க குப்பத்துல வீட்டுக்கு வீடு பாத்ரூம் கிடையாது, தெருக்கோடியில இருக்கிறதுக்கு வரிசையில நின்னு போகணும்னு அவங்களே என்கிட்ட புலம்பியிருக்காங்க. எங்க வெச்சு அடிச்சாங்க, எத்தனை பேரு, பஸ் ஸ்டாண்டிலயா, கடலோரத்துலயா, ஒண்ணும் எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. கேட்டேன். வழுக்கி வுழுந்துட்டேன் சார்னாங்க. அந்த ரெண்டு பேரு சொன்ன அதே குரல்ல.

பஞ்சு சுத்தினேன். மாவுத்துணியை நனைச்சுப் பிழிஞ்சு சுத்த ஆரம்பிச்சேன். மாவு காயும்போது உள்ள சூடாகும், சில பேர் பயந்துடுவாங்க. சுடும்க்கா, பயப்படாதீங்கன்னேன். அவங்க விரல் நுனியில மீன் செதில் ஒண்ணு ஒட்டியிருந்துச்சு.

அந்தப் பத்து நிமிஷம் அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். தலைவர் போன மாசம் வந்து கேட்டாரே, அரசு எப்படி எதிர்கொள்ள வேண்டும்னு, அதுக்கு அன்னிக்கே எனக்குப் பதில் தெரிஞ்சு போச்சு. ஒரு பொம்பளை பேரை வாய்க்குள்ள வெச்சுக்கத் தெரியாத அரசாங்கம் கும்பலை ஒழிக்கிறேன்னு மைக் பிடிக்கக் கூடாது. தகவல் கேக்கிற போனை அந்த ஏரியா ஸ்டேஷனோட, அந்த ஏரியா கட்சிக்காரனோட எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருத்தன் எடுக்கணும், எடுத்தவன் பேரே கேக்கக் கூடாது. சாட்சி சொல்ல வரவங்களுக்குக் கேஸ் முடியற வரைக்கும் காவல் இருக்கணும், அது எத்தனை வருஷம் ஆனாலும். பிடிபட்டவன் கையை உடைக்கிறதை விட்டுட்டு, அவன் பையிலிருந்த மாத்திரை எந்தப் பெட்டியிலேர்ந்து வந்துச்சு, அந்தப் பெட்டி எந்த லாரியிலேர்ந்து இறங்குச்சுன்னு பின்னாடியே நடந்து போகணும். உடைச்சா கையோட சேர்ந்து அவன் வாயும் மூடிக்கும், பெட்டிக்காரனுக்கு அதை விட வேற என்ன வேணும். மகனைக் கட்டி இழுத்துட்டு வந்து, இவனை எப்படியாவது இதுலேர்ந்து மீட்டுக் குடுங்கன்னு எங்க ஆஸ்பத்திரி வாசல்ல அழுத அப்பன்களைப் பார்த்திருக்கேன். பெட் இல்லை, அடுத்த வாரம் வான்னு அனுப்பினோம். அந்தப் பெட்டைப் போடணும். இது எதுவும் பெரிய விஞ்ஞானம் இல்லை. இது எதையும் போட்டோ எடுக்க முடியாது, அவ்வளவுதான். அதனால யாரும் செய்ய மாட்டாங்க.

கட்டு இறுகிடுச்சு. கையைத் தூளியில போட்டுக் கழுத்துல மாட்டி விட்டேன். எப்ப சார் மீன் வெட்டலாம்னு கேட்டாங்க. ஆறு வாரம் கட்டு, அதுக்கப்புறமும் கொஞ்ச நாள் பலம் இருக்காதுக்கான்னு சொன்னேன். சரின்னு தலையை ஆட்டினாங்க. அப்ப எனக்கு ஒரு ஆவேசம் வந்துச்சு. இத்தனை வருஷமா எழுதின பொய்க்கெல்லாம் சேர்த்து இன்னிக்கு ஒரு உண்மையை எழுதிடணும்னு. நோட்டை எடுத்தேன். அக்கா, இது வழுக்கினது இல்லை, எனக்குத் தெரியும், வாங்க, டாக்டர்கிட்ட போய் நடந்ததைச் சொல்லுவோம், போலீஸ் கேஸா மாத்தி எழுதச் சொல்றேன், நான் சாட்சி வரேன், நானே வரேன்னு சொல்லிக்கிட்டே நாலாவது கட்டத்துல ‘தாக்க’ன்னு மூணு எழுத்து எழுதிட்டேன்.

அக்கா நோட்டைப் பார்த்தாங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. ஆனா எப்பவும் எழுதறதை நான் எழுதலைன்னு என் முகத்தைப் பார்த்தே தெரிஞ்சிருக்கணும். நல்லா இருந்த இடது கையை எடுத்து அந்தக் கட்டத்து மேல வெச்சு மூடினாங்க. கோவம் இல்லை. மீன் நல்லா இல்லைன்னா, இன்னிக்கு வாணாம் சார், வேற நாளைக்கு வான்னு சொல்வாங்க இல்லையா, அந்த மாதிரிக் குரல்.

“ஒரு தபா என் பேர சொன்னே சார். போதும்.”

நான்தான் சொன்னேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு நான் கேக்கலை. கேக்கறதுக்கு எனக்கு மூஞ்சி இல்லை. அவங்க கையை எடுக்கற வரைக்கும் காத்திருந்தேன். எடுத்ததும், எழுதின மூணு எழுத்தையும் அடிச்சேன். அடுத்த ஆள் வாசல்ல இருமிக்கிட்டு நின்னார். நாலாவது கட்டத்துல, அடிச்சதுக்குக் கீழ, என் கையால எழுதினேன்: பாத்ரூமில் வழுக்கி விழுந்தது.